1970-ன் உலக அழகி: ஜெனிஃபர் ஹோஸ்டனைச் சுற்றி ஏன் இத்தனை சண்டை?

1970-ல் உலக அழகிப் பட்டம் வாங்கியவர் கிரெனடாவைச் சேர்ந்த ஜெனிஃபர் ஹோஸ்டன். அந்தப் பட்டத்தை வென்ற முதல் கறுப்பினப் பெண். விஷயம் இவ்வளவுதான் என்றால் பொது அறிவுப் புத்தகத்தில் ஒரு வரியாகப் போய்ச் சேர்ந்திருக்கும். ஆனால் அந்த ஒரே ராத்திரியில் பெண்ணியப் போராட்டம், நிறவெறி அரசியல், தில்லுமுல்லு நடந்தது என்ற புகார், போதாக்குறைக்கு ஒரு வெடிகுண்டு, எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. இதில் எதையும் ஹோஸ்டன் கிளப்பிவிடவில்லை. பதில் சொல்லும் வேலை மட்டும் அரை நூற்றாண்டாக அவர் தலையில் இருக்கிறது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் ஒன்று மாவு மூட்டை வீசிய பெண்களின் கதையாகச் சொல்வார்கள், இல்லையென்றால் முதல் கறுப்பின அழகியின் வெற்றிக் கதையாகச் சொல்வார்கள். இரண்டும் உண்மைதான். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அன்றைக்கு இரண்டாமிடம் வந்த பெண். அவர் பெயர் பேர்ல் ஜேன்சன், தென்னாப்பிரிக்கா. முதலிடமும் இரண்டாமிடமும் வெள்ளையர் அல்லாத பெண்களுக்குப் போனது அந்தப் போட்டியில் அதுவரை நினைத்தும் பார்க்காத விஷயம். அதற்குப் பிறகு ஒருவர் தூதராகிறார், இன்னொருவர் ஊருக்குத் திரும்பி ஆள் தெரியாமல் போகிறார். இந்த வித்தியாசத்துக்கும் அழகுக்கும் சம்பந்தம் இல்லை, திறமைக்கும் பெரிதாக இல்லை. அவரவருக்குப் பின்னால் எந்த அரசாங்கம் நின்றது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் கிரெனடா. கரீபியன் கடலில் 344 சதுர கிலோமீட்டர் அளவுள்ள குட்டித் தீவு, அன்றைக்கு மக்கள் தொகை சுமார் ஒரு லட்சம், ஜாதிக்காய்க்குப் பேர் போனது. 1970-ல் அது சுதந்திர நாடுகூட இல்லை. 1967-ல் உள்நாட்டு விவகாரங்களைத் தானே பார்த்துக்கொள்ளும் உரிமை கிடைத்திருந்தது, பாதுகாப்பும் வெளியுறவும் பிரிட்டன் கையில், முழுச் சுதந்திரம் வந்தது 1974 பிப்ரவரி 7-ல். அதன் முதலமைச்சர் எரிக் கெய்ரி. (பல இடங்களில் 'பிரதமர்' கெய்ரி என்று எழுதுகிறார்கள், அந்தப் பதவி சுதந்திரத்துக்குப் பிறகு வந்தது.) இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி மறுபடி வரும்.

ஹோஸ்டன் 1947-ல் தலைநகர் செயின்ட் ஜார்ஜஸில் பிறந்தவர். லண்டனில் படித்து, பிபிசியில் வானொலிப் பயிற்சி பெற்று, ஊருக்குத் திரும்பி, அப்புறம் பிரிட்டிஷ் வெஸ்ட் இண்டியன் ஏர்வேஸில் விமானப் பணிப்பெண்ணாக இருந்தார். அதாவது லண்டன் அவருக்குப் புது ஊர் இல்லை, மைக்கும் புதிதில்லை, முன்பின் தெரியாதவர்களிடம் சிரித்துப் பேசுவது தினப்படி வேலை. 23 வயதில் அந்த மேடைக்கு வந்தபோது இதெல்லாம் கைகொடுத்தது. ஒன்றும் தெரியாத தீவுப் பெண் திடீரென்று உலக அழகியாகிவிட்டாள் என்று எழுதியவர்கள் ஆளைச் சரியாக விசாரிக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

உலக அழகிப் போட்டியை 1951-ல் எரிக் மோர்லி என்பவர் பிரிட்டன் திருவிழாவை ஒட்டி ஆரம்பித்தார். மெக்கா என்ற கேளிக்கை நிறுவனத்துக்கு விளம்பரம் வேண்டும், அதற்கு ஒரு நீச்சலுடைப் போட்டி, அவ்வளவுதான் யோசனை. அது வருஷா வருஷம் வளர்ந்து 1970 வாக்கில் பிபிசியில் நேரடி ஒளிபரப்பாக, பிரிட்டனில் மட்டும் இரண்டு கோடிக்கு மேல் பார்க்கிற நிகழ்ச்சியாகிவிட்டது. குடும்பத்தோடு உட்கார்ந்து பார்ப்பார்கள், பெட் கட்டுவார்கள். அதனால் போட்டிக்கு முன்பே 'யார் ஜெயிப்பார்' என்பதற்கு ஒரு சந்தை நிலவரம் இருக்கும். அந்த வருஷம் வந்திருந்த 58 பேரில் பந்தயக்காரர்களும் பத்திரிகைக்காரர்களும் கண் வைத்திருந்தது ஸ்வீடன் அழகி மீது. புகைப்படக்காரர்கள் அவரையும் இன்னும் சில வெள்ளைக்காரப் பெண்களையும் சுற்றி வந்தார்கள், தங்கள் பக்கம் ஏறிட்டுப் பார்க்கவும் ஆளில்லை என்று ஹோஸ்டன் பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

வெள்ளையர் அல்லாதவர் ஜெயிப்பது நடக்கவே நடக்காது என்றும் இல்லை. 1966-ல் மும்பை மருத்துவ மாணவி ரீட்டா ஃபரியா ஜெயித்திருந்தார், ஆசியாவிலிருந்து முதல் ஆள். ஆனால் அது நான்கு வருஷத்துக்கு முந்தைய விதிவிலக்காகத்தான் பார்க்கப்பட்டது.

தென்னாப்பிரிக்கா விவகாரம்தான் இதைவிடச் சிக்கல். அந்த நாட்டு அழகிப் போட்டியில் அப்போது வெள்ளைக்காரப் பெண்கள்தான் கலந்துகொள்ள முடியும். 1970 மே மாதம் தென்னாப்பிரிக்க கிரிக்கெட் அணியின் இங்கிலாந்துப் பயணம், அந்த நாட்டு நிறவெறி ஆட்சியை எதிர்த்தவர்களின் போராட்டத்தால் ரத்தாகியிருந்தது. அந்தப் போராட்டத்தை முன்னின்று நடத்தியவர் பீட்டர் ஹெய்ன் என்ற இளைஞர். அடுத்த குறி அழகிப் போட்டியாக இருக்கும் என்று போட்டிக்காரர்களுக்குப் புரிந்துவிட்டது. மோர்லியும் போட்டியை நிர்வகித்த அவர் மனைவி ஜூலியா மோர்லியும் கண்டுபிடித்த தீர்வு இருக்கிறதே, இன்றைக்கு நினைத்தாலும் வாய் பிளக்க வைக்கும். தென்னாப்பிரிக்காவை நீக்கவில்லை. அதே நாட்டிலிருந்து இரண்டு பேரை வரவழைத்தார்கள். வெள்ளைக்காரப் பெண் ஜில்லியன் ஜெஸப்புக்கு 'மிஸ் சவுத் ஆப்பிரிக்கா' என்ற பட்டை. கேப் டவுனைச் சேர்ந்த பேர்ல் ஜேன்சனுக்கு 'மிஸ் ஆப்பிரிக்கா சவுத்' என்ற பட்டை. நாட்டின் பெயரைத் திருப்பிப் போட்டு அதைத் தோளில் மாட்டி விட்டார்கள். அரசியல் பேசக் கூடாது என்ற எச்சரிக்கையோடுதான் லண்டன் வந்தேன் என்று ஜேன்சன் பிறகு சொன்னார்.

நவம்பர் 20, போட்டி நாள். விடிவதற்கு முன்பே, போட்டி நடக்கவிருந்த லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலுக்கு வெளியே நின்ற பிபிசி ஒளிபரப்பு வேனுக்கு அடியில் குண்டு வெடித்தது. 'ஆங்ரி பிரிகேட்' என்ற தீவிரவாதக் குழுவின் வேலை. யாருக்கும் அடியில்லை, நிகழ்ச்சியும் நிற்கவில்லை.

உள்ளே வந்தவர்களின் கதை வேறு. அந்த வருஷம்தான் ஆக்ஸ்ஃபோர்டு ரஸ்கின் கல்லூரியில் பிரிட்டனின் முதல் பெண் விடுதலை மாநாடு நடந்திருந்தது. அந்த வட்டத்தைச் சேர்ந்த சாலி அலெக்ஸாண்டர், ஜோ ராபின்சன் முதலான பெண்கள் டிக்கெட் வாங்கி, நன்றாக உடுத்திக்கொண்டு, கைப்பையில் மாவுப் பொட்டலமும் தண்ணீர்த் துப்பாக்கியும் துண்டுப் பிரசுரமும் வைத்துக்கொண்டு பார்வையாளர்களோடு உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் நகைச்சுவை நடிகர் பாப் ஹோப். இதை மாட்டுச் சந்தை என்று சொல்கிறார்கள், நானும் பின்பக்கம் போய்க் கன்றுக்குட்டிகளைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன் என்கிற ரகத்தில் அவர் ஜோக் அடித்துக்கொண்டிருந்தார். போராட வந்தவர்களுக்குப் பொறுக்கவில்லை. ஒருத்தர் கிலுகிலுப்பையைச் சுழற்றினார், அதுதான் சிக்னல். நாலா பக்கத்திலிருந்தும் மாவு, புகை, காகிதங்கள். "நாங்கள் அழகிகளும் இல்லை, அசிங்கமும் இல்லை, எங்களுக்குக் கோபம்!" என்று கோஷம். பாப் ஹோப் மேடையை விட்டு ஓடப் பார்த்தார், ஜூலியா மோர்லி அவர் காலைப் பிடித்து நிறுத்தினார் என்று சொல்வார்கள். திரும்பி வந்த ஹோப், இவ்வளவு அருமையான நிகழ்ச்சியைக் கெடுக்க நினைக்கிறவர்கள் ஏதோ போதையில்தான் இருக்க வேண்டும் என்று சொன்னதும் ஒளிபரப்பானது.

இந்தப் பெண்களின் கோபம் எதன் மீது என்று தெரிய அன்றைய ஒளிப்பதிவில் ஒரு காட்சி போதும். போட்டியாளர்கள் நீச்சலுடையில் வரிசையாக நிற்கிறார்கள். சொன்னதும் அத்தனை பேரும் ஒன்றாகத் திரும்பி முதுகைக் காட்டி நிற்கிறார்கள், நடுவர்கள் பின்பக்கத்தைப் பார்த்து மதிப்பெண் போடுவதற்காக. கேமரா அந்த வரிசையில் மெதுவாக நகர்கிறது. இதைப் பார்த்த பிறகு மாட்டுச் சந்தை என்று சொன்னவர்கள் மிகைப்படுத்திவிட்டார்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் அதே வரிசையில் நின்ற ஹோஸ்டனுக்கு அந்த மேடை வேறு மாதிரி தெரிந்தது. தன்னைப் போன்ற நிறமுள்ள ஒருத்தி கோடிக்கணக்கான பேர் முன்னால் நின்று ஜெயிப்பதில் ஒரு அர்த்தம் இருக்கிறது என்று அவர் நினைத்தார், இன்றும் அப்படித்தான் சொல்கிறார். தான் யாராலும் சுரண்டப்பட்டதாக அவர் ஒப்புக்கொள்வதில்லை. போராடிய பெண்களோ, எங்கள் சண்டை போட்டியாளர்களோடு இல்லை, நடத்துகிறவர்களோடு என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். மேடைக்குப் பின்னால் இருந்த பெண்களுக்கு அந்த நுணுக்கம் எட்டியிருக்குமா என்பது சந்தேகம்தான். மாவுப் பொட்டலம் வருகிற திசையிலிருந்து கொள்கை விளக்கம் கேட்பது கஷ்டம்.

சரி, முடிவுக்கு வருவோம். முதலிடம் கிரெனடா, இரண்டாவது ஆப்பிரிக்கா சவுத், மூன்றாவது இஸ்ரேல், நான்காவது ஸ்வீடன், ஐந்தாவது வெள்ளைக்கார தென்னாப்பிரிக்கா. நிகழ்ச்சி முடிந்ததும் தெருவில் ஒரு கூட்டம் 'ஸ்வீ-டன், ஸ்வீ-டன்' என்று கத்தியது. பிபிசிக்கும் பத்திரிகைகளுக்கும் புகார்கள் குவிந்தன. காரணம் இரண்டு. ஒன்று, ஒன்பது நடுவர்களில் நான்கு பேர் ஸ்வீடனுக்கு முதலிடம் கொடுத்திருந்தார்கள், கிரெனடாவுக்கு முதலிடம் கொடுத்தவர்கள் இரண்டே பேர் என்ற செய்தி கசிந்தது. இரண்டு, நடிகை ஜோன் காலின்ஸ், பாடகர் க்ளென் கேம்பல் ஆகியோரோடு நடுவர் வரிசையில் உட்கார்ந்திருந்த இன்னொருவர் யார் தெரியுமா? கிரெனடா முதலமைச்சர் எரிக் கெய்ரி.

கேட்டவுடன் யாருக்கும் சந்தேகம் வரும். எனக்கும் வந்தது. ஆனால் கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

அங்கே பின்பற்றியது, அதிக முதலிடம் வாங்கியவர் ஜெயித்தார் என்கிற முறை இல்லை. இறுதிச் சுற்றுக்கு வந்த ஏழு பேரை ஒவ்வொரு நடுவரும் வரிசைப்படுத்துவார். யாருக்குப் பெரும்பான்மை நடுவர்களின் ஆதரவு கிடைக்கிறது என்று பார்ப்பார்கள். ஒன்பதில் பெரும்பான்மை என்றால் ஐந்து. நான்கு முதலிடம் போதாது. அப்படியென்றால் இரண்டாம், மூன்றாம், நான்காம் இடங்களையும் பார்க்க வேண்டும். நான்கு பேர் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாடிய ஒருத்தர் நான்காமிடத்துக்கு இறங்கியிருக்கிறார் என்றால், மீதி ஐந்து பேர் அவரை நல்ல இடத்தில் வைக்கவில்லை என்றுதான் அர்த்தம். எல்லோருடைய பட்டியலிலும் மேல்பாதியில் இருப்பவர் இந்த முறையில் முன்னுக்கு வந்துவிடுவார். ஹோஸ்டனுக்கு நடந்தது அதுதான். ஸ்வீடனைவிடவும் மற்ற இறுதிச் சுற்றுப் பெண்களைவிடவும் அவருக்கு இரண்டு முதல் ஐந்து வரையான இடங்கள் அதிகம் விழுந்திருந்தன. நிர்வாகம் மதிப்பெண் அட்டைகளைக் காட்டியே இதை விளக்கியது. நிறைய தேர்வுக் குழுக்களில் நடக்கிற சங்கதிதான் இது, பாதிப் பேருக்கு உயிர், பாதிப் பேருக்கு வேண்டாம் என்கிற ஆள் தோற்பார், யாருக்கும் ஆட்சேபம் இல்லாத ஆள் ஜெயிப்பார்.

அதனால் மோசடி என்று சொல்வதற்கு ஆதாரம் போதாது. அதற்காகக் கெய்ரியை அங்கே உட்கார வைத்தது சரியென்று ஆகிவிடாது. தன் நாட்டுப் பெண் போட்டியில் இருக்கும்போது முதலமைச்சர் மதிப்பெண் போடுகிறார் என்றால் அது அடிப்படையிலேயே கோளாறு, அவர் ஓட்டு முடிவை மாற்றியதோ இல்லையோ. அந்தத் தவறு அழைத்தவர்களுடையது. ஆனால் பழி விழுந்தது ஹோஸ்டன் மேல். கெய்ரிக்குப் பதிலாக ஸ்வீடன் அமைச்சர் ஒருவர் உட்கார்ந்து ஸ்வீடன் அழகி ஜெயித்திருந்தால் தெருவில் கூட்டம் சேர்ந்திருக்குமா? எல்லோரும் எதிர்பார்த்த ஆள்தானே ஜெயித்தார் என்று போயிருப்பார்கள் என்றே தோன்றுகிறது. நான்கு நாளில் ஜூலியா மோர்லி பத்திரிகைகளின் நெருக்கடி தாங்காமல் ராஜினாமா செய்தார், பிறகு திரும்பி வந்துவிட்டார். ஸ்வீடன் அழகி பல வருஷம் கழித்தும் தான் ஏமாற்றப்பட்டதாகவே சொன்னதாகச் செய்தி வந்தது.

மாவு வீசியவர்களில் கைதானவர்கள் மேல் லண்டன் பௌ தெரு நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது, சிலர் வக்கீல் வைக்காமல் தங்களுக்குத் தாங்களே வாதாடினார்கள்.

ஹோஸ்டன் கிரீடத்தோடு என்ன செய்தார்? முதல் வேலை, அந்த கிறிஸ்துமஸுக்கு அதே பாப் ஹோப்போடு வியட்நாமுக்குப் போய் அமெரிக்கப் படையினர் முன்னால் மேடையேறியது. உலக அழகிகளை அங்கே கூட்டிப் போவது அப்போது ஹோப்பின் வழக்கம். ரீட்டா ஃபரியாவும் 1966-ல் போனார், இந்தியாவில் அதற்குப் பெரிய கண்டனம் கிளம்பியது. கிரெனடாவிலோ 1971-ல் ஹோஸ்டனின் படம் போட்டுத் தபால்தலை வெளியிட்டார்கள். சுதந்திரத்தை நோக்கி நகர்ந்துகொண்டிருந்த ஒரு குட்டித் தீவுக்கு உலக வரைபடத்தில் தன்னைக் காட்டிக்கொள்ள ஒரு முகம் கிடைத்தது, கெய்ரி அதை விடுவாரா?

பதவிக்காலம் முடிந்த பிறகு அவர் சினிமா பக்கம் போகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஏர் கனடாவில் வேலை, கனடாவில் குடும்பம், ஒட்டாவாவில் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் அரசியல், சர்வதேச உறவுகள் தொடர்பாக முதுகலைப் படிப்பு. 1978-ல் கனடாவுக்கான கிரெனடாவின் ஹை கமிஷனராக, அதாவது தூதராக, கெய்ரி அரசு அவரை நியமித்தது. 'பார்த்தீர்களா, அன்றைக்கே சொன்னோமே' என்று சிலர் சொல்லிக்கொள்ள இது வசதியாகப் போயிற்று.

ஆனால் அடுத்து நடந்தது அந்த வாதத்தைக் கொஞ்சம் ஆட்டிவிடுகிறது. கெய்ரி சர்வாதிகாரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். எதிரிகளை அடித்து நொறுக்க 'கீரிப்பிள்ளைக் கும்பல்' என்று ஊரே அழைத்த தனிப்படை வைத்திருந்தார். இன்னொரு பக்கம் பறக்கும் தட்டுகளைப் பற்றி ஆராய வேண்டும் என்று ஐ.நா. சபையில் போய்ப் பேசிக்கொண்டிருந்தார் (நிஜமாகவே). 1979 மார்ச் 13-ல் அவர் வெளிநாட்டில் இருந்த நேரம் பார்த்து மாரிஸ் பிஷப்பின் இடதுசாரி இயக்கம் ஆட்சியைப் பிடித்தது. வழக்கமாக இப்படி ஆட்சி மாறினால் பழைய ஆட்சியின் ஆட்கள்தான் முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுவார்கள். கெய்ரி நியமித்த முன்னாள் அழகியோ 1981 வரை அதே நாற்காலியில் இருந்தார். கெய்ரிக்கு வேண்டியவர் என்பதற்காக மட்டும் அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தவர் என்றால் புரட்சிக்காரர்கள் அவரை எதற்கு வைத்துக்கொள்ள வேண்டும்?

1983-ல் பிஷப் சொந்த இயக்கத்தினராலேயே கொல்லப்பட்டு, சில நாளில் அமெரிக்கப் படை தீவில் இறங்கியது. ஹோஸ்டன் அதற்கு முன்பே விலகியிருந்தார். அதன் பிறகு கனடாவின் வளர்ச்சி உதவிப் பணிகளில் இருந்தார், 1990-களின் கடைசியில் வங்கதேசத்திலும் வேலை பார்த்தார். வட அமெரிக்க வர்த்தக ஒப்பந்தம் கரீபிய நாடுகளை என்ன செய்யும் என்று 1992-ல் ஒரு புத்தகம் எழுதினார். அழகிப் போட்டி ரசிகர்கள் எத்தனை பேர் வாங்கிப் படித்தார்களோ. கிரெனடாவின் கிராண்ட் ஆன்ஸ் கடற்கரையில் விடுதி நடத்தினார், அப்புறம் உளவியல் சிகிச்சையாளராகவும் தகுதி பெற்றார்.

இந்தப் பக்கம் பேர்ல் ஜேன்சன். உலகத்தில் இரண்டாமிடம் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியவருக்கு அங்கே வெள்ளையருக்கான மேடைகளில் இடமில்லை, மாடலிங் வாய்ப்பு இல்லை, வாய் திறந்து பேசவும் வழியில்லை. படம் போட்டுத் தபால்தலை அடிக்கிற அரசும் இல்லை, தூதராக அனுப்புகிற அரசும் இல்லை. ஹோஸ்டனுக்குக் கெய்ரி ஒரு பெரிய சுமை என்று சொல்வார்கள், நானும் மேலே அப்படித்தான் எழுதியிருக்கிறேன். ஆனால் ஜேன்சன் பக்கம் நின்று பார்த்தால், 'இவள் எங்கள் நாட்டுப் பெண்' என்று சொல்ல ஒரு ஆட்சி இருந்ததே அதிர்ஷ்டமாகத் தெரியும். போட்டியும் பாடம் கற்றுக்கொண்டதாகச் சொல்ல முடியாது. இரண்டு பட்டை ஏற்பாடு அதன் பிறகும் சில வருஷம் ஓடியது. 1976-ல் இந்தியா உட்படப் பல நாடுகள் தென்னாப்பிரிக்கா விவகாரத்தில் போட்டியைப் புறக்கணித்தன, 1978 முதல் தென்னாப்பிரிக்காவே வெளியே நிறுத்தப்பட்டது, 1991-ல்தான் மறுபடி உள்ளே வந்தது. 'மிஸ் சவுத் ஆப்பிரிக்கா' பட்டையை வெள்ளையர் அல்லாத ஒரு பெண் முதல்முதலாக மாட்டிக்கொண்டது 1992-ல், ஏமி க்ளைன்ஹான்ஸ்.

2010-ல் பிபிசி வானொலி ஒரு நிகழ்ச்சிக்காக அந்த இரவின் ஆட்களைத் திரும்ப ஒன்றுசேர்த்தது. மாவு வீசிய சாலி அலெக்ஸாண்டர், அதற்குள் வரலாற்றுப் பேராசிரியர், ஒரு பக்கம். ஹோஸ்டன் இன்னொரு பக்கம். அதைக் கேட்டுத்தான் அந்த இரவைப் பற்றி 2020-ல் வந்த 'மிஸ்பிஹேவியர்' என்ற திரைப்படத்துக்கான யோசனையே பிறந்தது. அந்த வருஷமே ஹோஸ்டன் தன் நினைவுகளையும் புத்தகமாகப் போட்டார். படம் வந்த சமயத்தில் பத்திரிகைக்காரர்கள் ஜேன்சனையும் தேடிப் போனார்கள். லண்டனில் என்ன சொல்லி அனுப்பினார்கள், ஊரில் எப்படி நடத்தினார்கள் என்று பலர் அவரிடம் கேட்டது அப்போதுதான். நீச்சலுடைச் சுற்றை உலக அழகிப் போட்டி கைவிடுவதாக அறிவித்தது 2014 டிசம்பரில். அறிவித்தவர், 1970-ல் பாப் ஹோப்பின் காலைப் பிடித்ததாகச் சொல்கிறார்களே, அதே ஜூலியா மோர்லி.